பழைய சைக்கிளில் மோட்டார் மாட்டுவது எப்படி: திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்குப் போகும் தூரம் ஒரு வழிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், வீட்டுத் திண்ணையோரம் ஒரு சைக்கிள் சும்மா சாய்ந்து கிடக்கிறது, பெட்ரோல் செலவு கையைக் கடிக்கிறது என்றால் இதைப் படியுங்கள். முன்னீர்பள்ளத்திலிருந்து வண்ணார்பேட்டைக்குப் போய்வர நானே கட்டிய மோட்டார் சைக்கிளை, அதாவது மோட்டார் வைத்த மிதிசைக்கிளை, ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வீடியோக்களில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிற வேலை இது. ஆனால் அந்த வீடியோக்களில் சட்டம், பேட்டரி, ஆடிக்காற்று என்ற மூன்றைப் பற்றியும் பேச்சே இருக்காது. நான் அலைந்து தெரிந்துகொண்டது எல்லாம் அந்த மூன்றில்தான்.

எல்லாரும் முதலில் மோட்டாரை வாங்கிவிட்டு அப்புறம் மற்றதை யோசிக்கிறார்கள். நீங்கள் தலைகீழாகப் போங்கள். முதலில் சட்டம், அடுத்து தூரம், அடுத்து பேட்டரி, மோட்டார் கடைசியில்.

1. எது சைக்கிள், எது மோட்டார் வாகனம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் விதி 2(யு) என்று ஒன்று இருக்கிறது. பேட்டரியில் ஓடும் வண்டி எப்போது மோட்டார் வாகனம் ஆகாது என்று சொல்வது அதுதான். மோட்டாரின் முப்பது நிமிடத் திறன், அதாவது தொடர்ந்து அரை மணி நேரம் தரக்கூடிய திறன், 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். மிதித்தால் உதவி செய்கிற சைக்கிள் என்றால், வேகம் 25-ஐ நெருங்க நெருங்க மோட்டாரின் உதவி குறைந்து நின்றுவிட வேண்டும். மிதிப்பதை நிறுத்தினாலும் நின்றுவிட வேண்டும். நல்ல பிரேக், முன்னால் வெள்ளை ரிஃப்ளெக்டர், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம். இந்த வரம்புக்குள் இருந்தால் பதிவு எண், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எதுவும் தேவையில்லை.

இதில் கடைக்காரர்கள் சொல்லாமல் விடுகிற ஒரு வரி உண்டு. மேற்சொன்ன நிபந்தனைகளை, விதி 126-இல் சொல்லியிருக்கிற சோதனை முகமை ஒன்று சரிபார்த்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகாட் போன்றவை அப்படிப்பட்ட முகமைகள். ஒரு கம்பெனி தன் சைக்கிள் மாடலுக்கு வாங்கிய ஒப்புதல், நீங்கள் வீட்டில் கூட்டிச் சேர்த்த சைக்கிளுக்குத் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. “எல்லாம் அப்ரூவ்டு சார்” என்று சொல்பவரிடம், எதற்கு, எந்த மாடலுக்கு, தாள் எங்கே என்று கேளுங்கள். ஒப்புதல் பெற்ற கிட் (மோட்டாரும் அதன் துணைப் பாகங்களும் சேர்ந்த தொகுப்பு) கிடைத்தால் ஆயிரம் ரூபாய் கூடுதல் என்றாலும் அதையே வாங்குங்கள். கூடவே 250 வாட், 25 கிலோமீட்டர் என்ற இரண்டு கோட்டையும் தாண்டாதீர்கள்.

தாண்டினால் என்ன ஆகும்? உங்கள் சைக்கிள் சட்டப்படி மோட்டார் வாகனம் ஆகிவிடும். பதிவில்லாமல் ஓட்டியதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 192-இன்படி முதல் தடவை 5,000 ரூபாய் வரை, லைசென்ஸ் இல்லாவிட்டால் பிரிவு 181-இன்படி 5,000, இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் பிரிவு 196-இன்படி முதல் தடவை 2,000 அபராதம். பத்தாம் வகுப்புப் பையனுக்கு 1,000 வாட் மோட்டார் மாட்டிக் கொடுக்கிற அப்பாக்கள் பிரிவு 199ஏ-வைக் கொஞ்சம் படிக்க வேண்டும். சிறுவர் ஓட்டினால் தண்டனை பெற்றோருக்கு: 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை.

சரி, பெரிய மோட்டாரைப் போட்டு முறையாகப் பதிவு செய்துவிடலாமே என்று தோன்றும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விற்பனைச் சான்று படிவம் 21-இல் கேட்பார்கள், தயாரிப்பாளர் தரும் சாலைத் தகுதிச் சான்று படிவம் 22-இல் கேட்பார்கள். வீட்டு முற்றத்தில் கட்டிய வண்டிக்கு இந்த இரண்டையும் யார் தருவது? பெட்ரோலில் ஓடும் 80 சிசி சைக்கிள் கிட், புல்வெட்டி இன்ஜின் வைத்த சைக்கிள் எல்லாம் இந்த இடத்தில்தான் முட்டி நிற்கின்றன. வயலுக்குள் ஓட்டி மகிழலாம், ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

டிவிஎஸ் எக்ஸ்எல்லை அறுத்து மூன்று சக்கரம் ஆக்குவதும் இதே கதைதான். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது பிரிவு 52. மீறினால் பிரிவு 182ஏ(4)-இன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் பிரிவு 52(2) தனி வழி விட்டிருக்கிறது: தன் வண்டியைத் தனக்கேற்ப மாற்றிவிட்டு, பிறகு பதிவு அதிகாரியின் ஒப்புதலை வாங்கிக்கொள்ளலாம். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டருக்கு அந்த வழிதான். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

2. தூரத்தோடு காற்றையும் அளந்துகொள்ளுங்கள்

சமதளத்தில், நீங்களும் கொஞ்சம் மிதித்தால், ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட் அவர் மின்சாரம் போகும். மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரை மட்டும் நம்பினால் 15. எதிர்க்காற்றில் 20-ஐத் தொட்டாலும் தொடும்.

மற்ற ஊர்க்காரர்களுக்கு எதிர்க்காற்று எப்போதாவது வருகிற விருந்தாளி. நமக்கு அப்படி இல்லை. வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை மேற்கே இருந்து அடித்துக்கொண்டே இருக்கும். பணகுடி, காவல்கிணறு, வடக்கன்குளம், ராதாபுரம் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. தென்காசி, சுரண்டை, ஆலங்குளம் பக்கம் செங்கோட்டைக் கணவாய்க் காற்று. காற்றாலைகளை அங்கே சும்மா நட்டுவைக்கவில்லை. காலையில் கிழக்கே போகும்போது வண்டி பறக்கும், பேட்டரி குறையவே குறையாது. சாயங்காலம் மேற்கே திரும்பும்போது பாதி வழியில் உயிர் போகும். பங்குனி மாதத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு இத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

கணக்கு எளிது. போகவர 20 கிலோமீட்டர் என்றால் 15-ஆல் பெருக்குங்கள்: 300 வாட் அவர். காற்று ஊர்க்காரர் என்றால் 20-ஆல் பெருக்குங்கள்: 400. வேலை பார்க்கும் இடத்தில் சார்ஜ் போட அனுமதி உண்டென்றால் இதில் பாதி போதும். ஆனால் முதலாளியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கடையின் பின்பக்கம் ஒளித்துவைத்துச் சார்ஜ் போடும் வேலை வேண்டாம்.

ஏற்றம் என்று பார்த்தால் ஜங்ஷன் ஈரடுக்குப் பாலம், ரயில்வே மேம்பாலங்கள், அவ்வளவுதான். இவற்றைக் கூட மிதித்தே ஏறலாம். பாபநாசத்துக்கு மேலே காரையாறு ரோடு போன்ற மலைப்பாதைக்கு 250 வாட் மோட்டார் லாயக்கில்லை. சுருள் சூடேறிக் கருகும்.

3. சைக்கிளைத் தேர்ந்தெடுங்கள்

தாத்தா ஓட்டிய 28 அங்குலக் கேரியர் சைக்கிளில் மாட்ட எல்லாருக்கும் ஆசை இருக்கும். எனக்கும் அந்தச் சைக்கிள்தான் பிடிக்கும். ஆனால் அதில் சிக்கல் அதிகம். கம்பி பிரேக்கில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் வைத்த பிரேக் கைப்பிடி பொருந்தாது. மழையில் அந்த பிரேக் பிடிக்கவும் பிடிக்காது. 28 அங்குல ரிம்மில் கோத்த மோட்டார் சக்கரம் எளிதில் கிடைக்காது. முன் ஃபோர்க்கின் வாய் குறுகலாக இருக்கும். மோட்டாருக்கு வேண்டிய 100 மில்லிமீட்டர் இடைவெளி வராது.

ஆகவே இரும்பு ஃபோர்க் உள்ள சாதாரண 26 அங்குல சைக்கிள், கேபிள் பிரேக் அல்லது டிஸ்க் பிரேக். முன்சக்கர மோட்டார் என்றால் அலுமினிய ஃபோர்க்கும் ஷாக் அப்சார்பர் ஃபோர்க்கும் வேண்டவே வேண்டாம். மோட்டார் முறுக்கும் வேகத்தில் ஃபோர்க்கின் வாய் பிளந்துகொண்டால் நீங்கள் மூக்கு குப்புற விழுவீர்கள். திசையன்விளை, உவரி பக்கம் தேரிமண்ணில் ஓட்டுகிறவர்கள் பின்சக்கர மோட்டாருக்கே போய்விடுங்கள். மணலில் முன்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

மாட்டுவதற்கு முன்பே சைக்கிள் கடையில் விட்டு ஓவர்ஹாலிங் பண்ணச் சொல்லுங்கள். பால்ஸ், கோன், பிரேக் கட்டை எல்லாம் புதிதாகட்டும், ரிம்மில் கோட்டம் எடுக்கட்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் தினமும் ஓடப்போகிற வண்டி இது.

4. பேட்டரிக்கு நேரம் செலவழியுங்கள்

மொத்தச் செலவில் பாதி இதில்தான். ஏமாற்றும் இதில்தான்.

36 வோல்ட், 10 ஏஎச் (ஆம்பியர் அவர்) என்றால் இரண்டையும் பெருக்கி 360 வாட் அவர். காற்று ஊர்க்காரர் அல்லாத இருபது கிலோமீட்டர்க்காரருக்கு இது சரியான அளவு. மூன்று வகை கிடைக்கும். இன்வெர்ட்டரில் வருவது போன்ற ஈய அமில பேட்டரி விலை குறைவு, ஆனால் மூன்றைச் சேர்த்தால் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் எடை. தினசரி ஓட்டத்துக்கு நீண்ட நாள் தாங்காது. லித்தியம் அயான் எடை குறைவு, எளிதில் கிடைக்கும். லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் கொஞ்சம் கனம், விலையும் கூட, ஆனால் நம் வெயிலுக்கு அதுதான் பொருத்தம், ஆயுளும் அதிகம். கையில் காசிருந்தால் மூன்றாவது.

சார்ஜரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 36 வோல்ட் லித்தியம் அயான் முழுதாக ஏறினால் 42 வோல்ட். பன்னிரண்டு செல் கோத்த ஃபெரோ பாஸ்பேட் முழுதாக ஏறினால் 43.8 வோல்ட். சார்ஜரின் பிளக் இரண்டுக்கும் ஒரே மாதிரி இருக்கும். மாற்றிச் செருகினால் தீ விபத்துக்கு நாமே அழைப்பு வைத்த மாதிரி. சார்ஜரின் முதுகில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்துவிட்டு, மல்டிமீட்டரிலும் ஒரு தடவை பாருங்கள்.

10 ஏஎச் என்று ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே 6 ஏஎச் செல் வைத்து விற்பது சாதாரணமாக நடக்கிறது. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி சொல்கிறேன். வண்டி தானாக நிற்கும் வரை ஓட்டி பேட்டரியைக் காலி செய்யுங்கள். பிறகு 2 ஆம்பியர் சார்ஜரில் போட்டு நேரம் பாருங்கள். உண்மையான 10 ஏஎச் என்றால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. மூன்று மணி நேரத்தில் பச்சை விளக்கு எரிந்தால் உள்ளே இருப்பது 6 ஏஎச்தான். இந்தச் சோதனையை வாங்கிய வாரத்திலேயே செய்யுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால், நீங்கள் ஓட்டித் தேய்த்தது என்பார்கள்.

வெளியூரிலிருந்து வரவழைத்தால் லாரி பார்சலில்தான் வரும், ஒரு வாரம் வரை ஆகலாம். பார்சல் ஆபீஸில் பெட்டியைப் பிரித்து, நசுங்கியிருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்தபிறகே கையெழுத்துப் போடுங்கள். நசுங்கிய லித்தியம் பேட்டரியை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோகாதீர்கள்.

5. மோட்டார் கிட் வாங்குங்கள்

கியர் வைத்த 250 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்) போதும். கிட்டுக்குள் மோட்டார் கோத்த சக்கரம், கன்ட்ரோலர் (பேட்டரி மின்சாரத்தைக் கட்டுப்படுத்தி மோட்டாருக்கு அனுப்பும் பெட்டி), மிதியை உணரும் சென்சார், சுவிட்ச் வைத்த பிரேக் கைப்பிடிகள், சின்ன டிஸ்பிளே இத்தனையும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். சென்சார் இல்லாமல் ஆக்ஸிலேட்டர் மட்டும் தருகிற கிட் மலிவாக வரும். விட்டுவிடுங்கள். கன்ட்ரோலரின் வோல்ட்டும் பேட்டரியின் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 48 வோல்ட் பேட்டரியைப் போட்டால் வேகம் கூடும் என்று யாராவது ஆசை காட்டினால், மேலே முதல் பகுதியை இன்னொரு தடவை படியுங்கள்.

டார்க் ஆர்ம் என்ற சின்ன இரும்புத் துண்டைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். மோட்டாரின் அச்சு சுழன்றுவிடாமல் ஃபோர்க்கோடு கட்டிப்பிடிப்பது அதுதான். பல கிட்டுகளில் இது இருக்காது. லேத் பட்டறையிலும் செய்துகொள்ளலாம்.

6. மாட்டும் வரிசை

சக்கரத்தை முதலில் மாட்டி, டார்க் ஆர்மை இறுக்கி, கையால் சுற்றிப் பாருங்கள். ஒயர் வெளியே வரும் அச்சுத் துளை கீழ்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஒயரைக் கன்ட்ரோலருக்குக் கொண்டுபோகும்போது கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றுங்கள். மழைத்தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

மிதி சென்சாரை மாட்ட இடதுபக்கக் கிராங்க்கைக் கழற்ற வேண்டும். பழைய சைக்கிள் என்றால் கிராங்க்கை அச்சோடு பூட்டும் காட்டர் பின் இருக்கும். நான் வேலை செய்த கடையில் பெரியவர் சொன்னது: “அண்ணாச்சி, பின்னை நேரா சுத்தியல்ல அடிக்காதீய, மரை போயிரும். நட்டைப் பாதி முடுக்கி வச்சு அது மேல அடிங்க.” சென்சாரோடு வரும் காந்த வட்டில் அம்புக்குறி போட்டிருக்கும், மிதி முன்னோக்கிச் சுற்றும் திசையில் வையுங்கள். திருப்பி வைத்தால் மோட்டார் ஓடவே ஓடாது; கிட் பழுது என்று திருப்பி அனுப்பியவர்களில் பாதிப்பேருக்குப் பிரச்சினை இந்த வட்டுதான் என்று அந்தக் கடையில் சொன்னார்கள்.

பேட்டரி சைக்கிள் ஃபிரேமின் நடுவே, தாழ்வாக. பின்கேரியரில் வைத்தால் திருப்பத்தில் வண்டி ஆடும். கேரியரை காய்கறிக்கும் கேஸ் சிலிண்டருக்கும் விட்டுவைக்கலாம். பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே ஃப்யூஸ் ஒன்று கட்டாயம் போடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவைத்து ஓடவிட்டு, பிரேக்கைப் பிடித்தவுடன் மோட்டார் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் தெருவுக்கு எடுத்துவராதீர்கள்.

7. காகிதங்கள்

சைக்கிளின் பில். பழைய சைக்கிளைப் பிறரிடம் வாங்கியிருந்தால், ஃபிரேம் எண்ணைக் குறிப்பிட்டு விற்றவரிடம் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்குங்கள். எண் பெரும்பாலும் கிராங்க் பெட்டிக்கு அடியில் பொறித்திருக்கும். திருட்டு சைக்கிள் என்று பேச்சு வராமல் இருக்க இது உதவும். கிட்டுக்கு ஜி.எஸ்.டி. பில், அதில் வாட்டும் வேகமும் எழுதியிருக்க வேண்டும். “எலக்ட்ரிக் ஐட்டம்” என்று மொட்டையாகப் போட்டால் திருத்தித் தரச் சொல்லுங்கள். சோதனை ஒப்புதல் தாள் இருந்தால் அதன் நகல். பேட்டரிக்குத் தனி பில், சீரியல் நம்பரோடு.

எல்லாவற்றையும் படமெடுத்து போனில் வைத்துக்கொண்டு, ஒரு நகலை லேமினேட் செய்து பைக்குள் போட்டுவிடுங்கள். போலீஸ் நிறுத்தினால் வாதம் வேண்டாம். இறங்கி, பெடலை மிதித்துக் காட்டி, பில்லில் உள்ள வாட்டைக் காட்டினால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். இன்சூரன்ஸ் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் யார் மேலாவது மோதினால் செலவு முழுக்க உங்கள் கையிலிருந்துதான் போகும்.

8. செலவும் நாளும்

ஓவர்ஹாலிங் 1,200 முதல் 1,500. கிட் 7,000 முதல் 9,500. பேட்டரி சார்ஜரோடு 10,000 முதல் 14,000. டார்க் ஆர்ம், விளக்கு, ரிஃப்ளெக்டர், ஃப்யூஸ், பெட்டி என்று 1,500. மாட்டக் கூலி 800 முதல் 1,000. பழைய சைக்கிளும் வாங்க வேண்டியிருந்தால் 3,500 வரை சேரும். ஆகமொத்தம் 20,500-இலிருந்து 31,000. விலை கடைக்குக் கடை மாறும், இதைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பொருள் வந்து சேர ஒன்றிரண்டு வாரம், மாட்ட ஒரு சனி ஞாயிறு, சில்லறைக் கோளாறு தீர இன்னொரு வாரம். ஒரு மாதம் என்று வைத்துக்கொண்டால் எரிச்சல் வராது.

வீட்டில் சைக்கிளே இல்லை, எல்லாம் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால், என் யோசனை: கட்ட வேண்டாம். இதே பணத்துக்குச் சோதனை ஒப்புதலோடு கம்பெனி எலக்ட்ரிக் சைக்கிளே கிடைக்கிறது.

மாதம் 500 கிலோமீட்டருக்கு எக்ஸ்எல்லில் ஏறத்தாழ 10 லிட்டர் பெட்ரோல், ஆயிரம் ரூபாய் சொச்சம். நம் சைக்கிளுக்கு மின்சாரம் மாதம் 11 யூனிட் சுற்றி. அதற்காக மாதம் ஆயிரமும் மிச்சம் என்று நினைக்காதீர்கள். பேட்டரி மூன்று ஆண்டு ஓடும் என்று வைத்தால் மாதம் 330 ரூபாய் அதற்கே எடுத்துவைக்க வேண்டும்.

9. ஓட்ட ஆரம்பித்த பிறகு

உடைமுள் நம் ஊர் ரோட்டோரம் முழுக்கக் கிடக்கும், பஞ்சர் நிச்சயம். மோட்டார் சக்கரத்தைக் கழற்ற 18-ஆம் நம்பர் ஸ்பானர் வேண்டும், ஒயரையும் பிரிக்க வேண்டும், பாதிக் கடைக்காரர்கள் தொடவே பயப்படுவார்கள். சக்கரத்தைக் கழற்றாமலேயே டயரை ஒரு பக்கம் மட்டும் விலக்கி டியூபை வெளியே இழுத்து ஒட்டப் பழகுங்கள். ஸ்பானர், ஒட்டு, சின்ன பம்பு மூன்றும் வண்டியிலேயே இருக்கட்டும்.

வெயிலில் ஓட்டி வந்த கையோடு சார்ஜ் போடாதீர்கள். பேட்டரி தொட்டால் சுடாத அளவுக்கு ஆறட்டும். இரவு தூங்கும்போது, கட்டிலுக்கு அடியில், வாசற்படியை அடைத்துக்கொண்டு சார்ஜ் போடுவது கூடவே கூடாது. பத்து நாள் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பாதிச் சார்ஜில் விட்டுப் போங்கள்.

சாரல் மழையில் ஓட்டலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தரைப்பாலத்தில் தண்ணீர் சக்கரத்தின் நடு அச்சு வரை நின்றால் இறங்காதீர்கள், ஹப்புக்குள் தண்ணீர் போய்விடும். முதல் மாதம் வாரம் ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை அச்சு நட்டையும் டார்க் ஆர்மையும் இறுக்கிப் பாருங்கள்.

செத்த பேட்டரியைக் காயலான் கடையில் எடைக்குப் போடாதீர்கள். அங்கே சுத்தியலால் உடைப்பார்கள், லித்தியம் தீப்பற்றும். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இன்படி திரும்பப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. புதிது வாங்கும்போது பழையதையும் அதன் பில்லையும் சேர்த்தே கொண்டுபோய், எவ்வளவு கழிப்பீர்கள் என்று விலை பேசும் முன்பே கேட்டுவிடுங்கள்.